பேக்கரிக்குள் போன தேங்காய் லாரி

மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அரசாங்கம் எனக்குக் கொடுத்த பெயர். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஜனங்கள் வைத்த பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். ரிட்டயர் ஆன பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், ரசம் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர், "ஏனுங்க, என்ற மருமகனுக்கு எட்டுப் போடாம லைசென்ஸ் கெடைக்குமுங்களா" என்று கேட்டுவிடுவார். கிடைக்காது என்று சொன்னால் நம்பமாட்டார். பசியில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, பாயசம் வந்ததும் மறுபடி கேட்பார். பிரேக்கை எப்படிப் பார்ப்பீர்கள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை.

போன மாதம் ஒருத்தி கேட்டாள். என் கீழே வேலை பழகிய கவிதா, இப்போது அவளே ஆய்வாளர். போனில், "சார், இனிமே வண்டிக்கு எஃப்.சி. டெஸ்ட் எல்லாம் மிஷின்தானுங்க. வண்டிய உருளை மேல ஏத்துனா பிரேக் எவ்வளவு புடிக்குதுன்னு கம்ப்யூட்டரே சொல்லிப்போடுது. ஆக்சிடென்ட் ஆன வண்டியக்கூட அந்த எடத்துலயே போட்டோ எடுத்து ஏத்திடறோம். நீங்க எல்லாம் என்னத்தைங்க சார் வெச்சுப் பாத்தீங்க" என்றாள். கண், காது, மூக்கு என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவளுக்கு இன்னொரு போன் வந்துவிட்டது. எனக்கு வேறு போன் எதுவும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளமா, அப்புறம் ஒரு லாரிப் பட்டறையில் கிரீஸோடு குடித்தனம், அப்புறம் பரீட்சை, அப்புறம் காக்கி. பட்டறையில் கற்றதுதான் கடைசி வரை சோறு போட்டது. பரீட்சைக்குப் படித்ததெல்லாம் காக்கி கிடைத்த அன்றைக்கே கரைந்துவிட்டது.

லாரி விபத்து என்றால் போலீஸ்காரர்கள் வழக்குப் பதிவு செய்வார்கள். வண்டியில் கோளாறு இருந்ததா என்று பார்த்து அறிக்கை கொடுப்பது எங்கள் வேலை. அந்த அறிக்கையின் கடைசி வரிக்காக எல்லாரும் காத்திருப்பார்கள். பிரேக் நன்றாக இருந்தது என்றால் குற்றம் ஓட்டியவன் தலையில். பிரேக் கெட்டிருந்தது என்றால், அப்படிப்பட்ட வண்டியை ரோட்டுக்கு அனுப்பிய ஓனர் தலையில். அடிபட்டவருக்கு இழப்பீடு எப்படியும் வந்தாக வேண்டும். பழியை யார் சுமப்பது என்பதில்தான் சண்டை. ஓனர் சட்டையில் மடிப்புக் கலையாமல் வருவார். டிரைவர் லுங்கியோடு ஓரமாக நிற்பார். "விபத்து இயந்திரக் கோளாறினால் ஏற்பட்டதன்று" என்பதுதான் எங்கள் துறையில் வழிவழியாக வரும் கடைசி வரி. தூக்கத்தில் எழுப்பிப் பேனாவைக் கொடுத்தாலும் அதை எழுதுவோம்.

டிரைவர்கள் சொல்லும் காரணங்களும் வழிவழியாக வருபவைதான். முதலிடம் நாய்க்கு. நான் படித்த வாக்குமூலங்களின்படி கொங்கு நாட்டில் எந்த நாயும் ரோட்டோரத்தில் சும்மா நின்றதே கிடையாது. எல்லாம் லாரி வரும்வரை காத்திருந்து குறுக்கே பாய்ந்தவை. இரண்டாமிடம், "பிரேக் புடிக்கலீங்க." தூங்கிவிட்டேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஈரோட்டுக்கு மஞ்சள் ஏற்றிப்போன ஒருத்தர் மட்டும் பாலத்துச் சுவரில் ஏறி நின்றுவிட்டு, "தூங்கிப்போட்டேனுங்க" என்று உண்மையைச் சொன்னார். ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டய்யாவுக்குக் கை ஓடவில்லை. "நாய் ஏதாச்சும் வந்துச்சாப்பா, நல்லா நெனச்சுப் பாரு" என்று கெஞ்சினார். "கனவுல வந்துச்சுங்க" என்றார் அந்த மனிதர்.

இன்னொருத்தர் பஞ்சு லாரிக்காரர். லாரியைவிடப் பஞ்சு அகலமாக இருந்தது. அவிநாசி ரோட்டில் அவர் திரும்பியபோது, ஒரு ஜவுளிக்கடையின் போர்டு பஞ்சோடு சேர்ந்து கிளம்பிவிட்டது. எவ்வளவு பாரம் என்று கேட்டேன். "பஞ்சுதானுங்களே, பஞ்சுக்கு ஏதுங்க பாரம்" என்றார். இதற்கு எந்தச் சட்டப் பிரிவில் பதில் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவந்த என்னைத் தூங்கவிடாமல் அடித்தது உடுமலைப்பேட்டை தேங்காய் லாரி.

அப்போது எங்களுக்கு அதிகாரியாக விசாலாட்சி மேடம் வந்திருந்தார். ஈரோட்டுக்காரர். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவர் கோபத்தை 'ங்க'வை வைத்துத்தான் அளக்க வேண்டும். சாதாரணமாக இருக்கும்போது, "இது என்னப்பா" என்பார். கொஞ்சம் வருத்தம் என்றால், "இது என்னங்க." பேப்பரைத் திருப்பி நம் பக்கமாகத் தள்ளி, "ஏனுங்க, இத எழுதுனது நீங்களுங்களா சாருங்க" என்று கேட்டால், அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது. என் சக ஆய்வாளர் ஒருத்தர் அந்தக் கடைசி மரியாதையைக் கேட்டுவிட்டு மெடிக்கல் லீவு போட்டார்.

அறிக்கையில் அவர் கேட்பது ஒரே கேள்விதான். "பாத்தீங்களா, கேட்டீங்களா?" பார்த்தேன் என்றால், எங்கே நின்று பார்த்தீர்கள், உட்கார்ந்தா குனிந்தா, சக்கரத்தைக் கழற்றியா கழற்றாமலா என்று போகும். கேட்டேன் என்றால் சிவப்பு மையால் ஒரே கோடு. இன்ஸ்பெக்ஷனுக்குப் போகிற இடத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். வந்தவரை வெறும் வாயோடு அனுப்பாத கொங்கு நாட்டில் வேலை பார்த்துக்கொண்டு அதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். உடுமலைப்பேட்டையிலிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. ஓனர் பெயர் நாச்சிமுத்து; தேங்காய் மண்டியும் லாரிகளும் வைத்திருந்தவர். ஓட்டியவர் திருமூர்த்தி. வழியில் ஓர் இறக்கம். இறக்கத்தின் அடியில் வளைவு, வளைவில் ஒரு பேக்கரி. எதிரே டவுன் பஸ் நின்று ஆள் இறக்கிக்கொண்டிருக்க, லாரி இடது பக்கம் திரும்பி நேராகப் பேக்கரிக்குள் போய்விட்டது. கண்ணாடி அலமாரி, பன், தேங்காய் எல்லாம் ஒன்றாகிவிட்டன. டீ மாஸ்டர் முருகேசனின் கால் முறிந்தது. ஜனங்கள் முதலில் முருகேசனைத்தான் தூக்கினார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். அதற்கப்புறம்தான் தேங்காயைப் பொறுக்கினார்கள்.

ரோட்டில் டயர் தேய்ந்த கோடு எதுவும் இல்லை. பிரேக் பிடிக்காததால்தான் கோடு விழவில்லை என்றார் திருமூர்த்தி. அவன் பிரேக்கே போடவில்லை, அதனால்தான் கோடு இல்லை என்றது போலீஸ்.

இந்த மாதிரி வழக்கில் ஒரு நடைமுறை உண்டு. டிரைவர் குற்றத்தை ஒப்புக்கொள்வார், அபராதத்தை ஓனர் கட்டுவார், மறுநாள் இருவரும் வேலையைப் பார்க்கப் போவார்கள். நாச்சிமுத்துவும் அதைத்தான் சொன்னார். திருமூர்த்தி மறுத்துவிட்டார். கால் முறிந்த வழக்கு என்பதால் ஜெயிலுக்கும் வாய்ப்பிருந்தது, லைசென்சும் போகும், வேறு தொழில் தெரியாது. ஆனால் அவர் பிடிவாதத்துக்குக் காரணம் அதுவல்ல. ஸ்டேஷன் வாசலில் என்னிடம் சொன்னார்: "தெனமும் அந்த மாஸ்டர் கையாலதானுங்க டீ குடிப்பேன். வண்டி ஆரன் சத்தங் கேட்டாலே கிளாஸக் கழுவிடுவானுங்க. அவங்காலை நான் அசால்ட்டா ஓட்டி ஒடைச்சேன்னு நானே எப்படிங்க சொல்றது?" எனக்கு அந்த மனிதரை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. பிடித்துப்போய் என்ன செய்வது, பிரேக் அல்லவா பேச வேண்டும்.

லாரியை நிறுத்த ஸ்டேஷன் வாசலில் இடமில்லை. சுற்றிலும் தேடிவிட்டு, பக்கத்தில் விசாலமாக ஓர் இடம் இருக்கிறது என்று போலீஸ்காரர்கள் அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அது ஒரு லாரிப் பட்டறை.

நான் போய் இறங்கியபோது வண்டியைத் தேட வேண்டியிருந்தது. அடிபட்ட லாரி எங்கே என்று கேட்டால், பட்டறை நடுவில் மாப்பிள்ளை மாதிரி நின்ற ஒன்றைக் காட்டினார்கள். முகப்பில் நசுங்கல் மட்டும் அப்படியே இருந்தது. மீதியெல்லாம் கழுவித் துடைத்து, சக்கரத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, நம்பர் பிளேட்டுக்குச் சந்தனம் வைத்து, நசுங்கிய இடத்துக்கு மேலே மாலை போட்டிருந்தார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். பக்கத்தில் நாச்சிமுத்து வெள்ளைச் சட்டையில், கையில் சீவிய இளநீரோடு.

"வாங்க சார், வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல இதக் குடிங்க."

"வேண்டாமுங்க, டியூட்டில குடிக்கக் கூடாது."

"எளநிதானுங்களே."

"எளநியும்தானுங்க."

அவர் முகம் வாடிப்போனது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று மூன்று விதமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் அதை என் கண்ணில் படும் இடத்தில் ஒரு டிரம்மின் மேல் வைத்தார். இன்ஸ்பெக்ஷன் முடியும்வரை இளநீரும் அவரும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வண்டியில் ஏறி, கிளப்பி, பட்டறை வாசலில் மெதுவாக உருட்டி, பிரேக்கை மிதித்தேன். என் மூக்குக் கண்ணாடி ஸ்டியரிங்கைத் தாண்டிப் போய் விழுந்தது. என் சர்வீஸில் அப்படி ஒரு பிரேக்கை நான் கண்டதில்லை. ஆய்வைப் பார்க்க வந்து வாசலில் நின்ற திருமூர்த்தி, "இந்த பிரேக்கு அன்னிக்கி இருந்திருந்தா நான் எதுக்குங்க பேக்கரிக்குள்ள போறேன்" என்றார்.

சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். உள்ளே, சக்கரத்தை உரசி நிறுத்தும் பிரேக் லைனிங் புத்தம் புதிதாக இருந்தது. சூடே காணாத லைனிங்குக்கு ஒரு வாசனை உண்டு; புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். பிரேக்குக்குக் காற்று போகும் குழாயும் புதிது. தேங்காய் ஏற்றி மலையடிவாரமெல்லாம் சுற்றுகிற வண்டியில் இது எப்படி?

"இதெல்லாம் எப்பங்க மாத்துனீங்க" என்றேன்.

நாச்சிமுத்து பெருமையாகச் சிரித்தார். "நீங்க வாரீங்கன்னு தெரிஞ்சதும்…" என்று ஆரம்பித்தார். பட்டறைக்காரர் பலமாக இருமினார். நாச்சிமுத்து அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருமூர்த்தியைப் பார்த்தார். "நம்ம வண்டி எப்பவும் இப்படித்தானுங்க இருக்கும்" என்று முடித்துவிட்டார்.

இதில் சூது எதுவும் இல்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். லாரிக்காரர்களுக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ஒரே அர்த்தம்தான்: எஃப்.சி., வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்கிற சான்று. வருஷத்தில் ஒருமுறை எஃப்.சி.க்கு முன்னால் வண்டியைக் கழுவி, பெயிண்ட் அடித்து, லைனிங் மாற்றிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மீதி நாளெல்லாம் தேய்ந்ததோடு ஓடும். பழக்க தோஷத்தில், நாச்சிமுத்து விபத்து வண்டியையும் அப்படியே ஜோடித்துவிட்டார். வருகிற ஆபீசருக்கு அழுக்கு வண்டியைக் காட்டுவது மரியாதை இல்லையாம். அந்த மரியாதையில் திருமூர்த்தியின் ஒரே சாட்சியான பழைய லைனிங் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. செய்தது என்ன என்று இருமலுக்குப் பிறகுதான் அவருக்கே புரிந்திருக்கிறது. புரிந்ததும் வாயை மூடிக்கொண்டார். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

மேடத்திடம் போய் நின்றேன்.

"லைனிங்க மாத்திட்டாங்க மேடம்."

"மாத்துனதப் பாத்தீங்களா?"

"ஓனர் சொன்னாருங்க. பாதி சொன்னாருங்க."

"பாதிய எப்படிங்க எழுதுறது?"

ஒரு 'ங்க' வந்துவிட்டது. அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "பாத்தது என்னென்ன, வரிசையாச் சொல்லுங்க" என்றார். லைனிங், குழாய், பெயிண்ட், சந்தனம், மாலை, எலுமிச்சம்பழம் என்று சொன்னேன். "இளநி?" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. "டிரம் மேல இருந்துச்சுங்க மேடம்." "குடிச்சீங்களா?" "இல்லீங்க." "அப்ப அதையும் எழுதுங்க. எல்லாத்தையும் எழுதுங்க. கடைசி வரிய மட்டும் பழைய மாதிரி எழுதாதீங்க."

அப்படித்தான் எழுதினேன். பிரேக் நன்றாகப் பிடித்தது என்றும் எழுதினேன், பார்த்தது அதுதான். கடைசியில், "ஆய்வு செய்த நேரத்தில் இயந்திரக் கோளாறு இல்லை. விபத்து நேரத்தில் பிரேக் எப்படி இருந்தது என்பதை இந்த ஆய்விலிருந்து கூற இயலாது" என்று போட்டேன். இது போதாது என்று எனக்குத் தெரியும். சிரமப்பட்டு ஒரு கதவைச் சாத்தாமல் வைத்தேன், அவ்வளவுதான். திருமூர்த்தியின் லைசென்சை ரத்து செய்யச் சொல்லிப் போலீஸ் கேட்டிருந்தது. கோர்ட் சொல்லட்டும் என்று மேடம் அதை நிறுத்திவைத்தார்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. முருகேசன் கைத்தடியோடு வந்து சாட்சி சொன்னார். திருமூர்த்தி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. திருமூர்த்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து நான் ஏறினேன். பிரேக் பிடித்ததா என்று அரசு வக்கீல் கேட்டார். பிடித்தது என்றேன். என் கண்ணாடி விழுந்ததைச் சொல்லவில்லை. திருமூர்த்தியின் வக்கீல் ராமலிங்கம் உடுமலைக்காரர். என் அறிக்கையில் இருந்த புது லைனிங்கையும் எலுமிச்சம்பழத்தையும் நிதானமாக வாசிக்க வைத்துவிட்டு, "போதுமுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். இந்த ஆள் ஏன் மேலே கேட்க மாட்டேனென்கிறார்?

அடுத்து நாச்சிமுத்து. அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் பாடம் ஒப்பிக்கிற மாதிரி பதில் சொன்னார். வண்டி நம்முடையதுதான், டிரைவர் இவர்தான், பிரேக் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். ராமலிங்கம் எழுந்தார். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இன்ஸ்பெக்டர் சார் பட்டறைக்கு வந்தாருங்களா?"

"வந்தாருங்க."

"வந்தவருக்கு நீங்க ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்கலைன்னு சொல்றேன்."

நாச்சிமுத்து நிமிர்ந்தார். "யாருங்க சொன்னது?"

"நான் சொல்றேனுங்க. வெயில்ல வந்த மனுசன வாங்கன்னுகூடச் சொல்லாம, அழுக்கு வண்டிய அப்படியே காட்டி அனுப்பிட்டீங்க."

கொலை செய்தாய் என்று சொல்லியிருந்தால்கூட அவர் இல்லை என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார். இது வேறு. அவர் நீதிபதி பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "ஐயா, என்ற ஊட்டுக்கு வந்து யாரும் வெறும் வயித்தோட போனதில்லீங்க. எளநி சீவி வெச்சனுங்க, அவருதான் குடிக்கல. அழுக்கு வண்டிங்கறாரே இவரு. ஆபீசர் வாராருன்னு முந்துன நாளே ஆளப் போட்டுக் கழுவி, பெயிண்ட் அடிச்சு, தேஞ்ச லைனிங்கக் கழட்டிப்போட்டுப் புதுசு மாட்டி, காத்துப் போற ஓஸு வெடிச்சுக் கெடந்துச்சு, அதையும் மாத்தித்தானுங்க காட்டுனேன். இதுக்கு மேல மரியாத எப்படிங்க குடுக்கறது?"

ராமலிங்கம், "மன்னிச்சுக்கோங்க, தப்பா நெனச்சுப்போட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்தார். நீதிபதி கொஞ்ச நேரம் எழுதினார். எழுதிவிட்டு, விபத்து வண்டியை யார் பட்டறையில் நிறுத்தச் சொன்னது என்று போலீஸ் பக்கம் பார்த்துக் கேட்டார்.

நான் திருமூர்த்தியைப் பார்க்கவில்லை, முருகேசனைப் பார்த்தேன். மனிதர் அப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பி, திருமூர்த்தியை முகத்துக்கு நேராகப் பார்த்தார். வெளியே வந்ததும், "ஏண்டா, பிரேக் இல்லைன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்ல" என்று திட்டினார். "ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னேன், நீதான் செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்ட" என்றார் திருமூர்த்தி. இருவரும் கோர்ட்டுக்கு எதிரே இருந்த கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். அந்த டீயை முருகேசன் ஒரு வாய் குடித்துவிட்டு, இதெல்லாம் ஒரு டீயா என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார்.

திருமூர்த்தி விடுதலை ஆனார். தீர்ப்புக்கு முன்பே நாச்சிமுத்துவின் வண்டிகளை ஒன்றுவிடாமல் வரவழைத்து மேடம் எஃப்.சி.யை நிறுத்திவைத்தார். நாச்சிமுத்து மேல் தனியாக ஒரு வழக்கும் வந்தது. அவரை மேடம் கூப்பிட்டு விசாரித்ததைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அத்தனை 'ங்க' என் சர்வீஸிலேயே கேட்டதில்லை.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் ஒன்று நடந்தது. நாச்சிமுத்து தயங்கித் தயங்கி திருமூர்த்தியிடம் வந்தார். மனிதருக்கு நல்ல டிரைவரின் அருமை தெரியும். பொய் சொன்னதற்கு முகமும் சின்னதாகித்தான் இருந்தது.

"நடந்தத மனசுல வெச்சுக்காதீங்க திருமூர்த்தி. வண்டியெல்லாம் வெளிய வந்ததும் மறுபடி நம்மகிட்டயே வந்துருங்க."

"வாரேனுங்க. ஆனா மொத லோடுக்கு நீங்களும் வரோணுங்க."

"எங்கீங்க?"

"வண்டியிலதானுங்க. கேபின்ல, என்ற பக்கத்துல உக்காந்து."

நாச்சிமுத்து சிரிக்கப் பார்த்தார். திருமூர்த்தி சிரிக்கவில்லை.

"அந்த எறக்கத்து வழியாவுங்களா?"

"அது வழியாத்தானுங்க."

நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, நாலடி தள்ளிப் போய்ப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டார். "கண்ணு, அந்தத் தேங்கா வண்டி லைனிங் எல்லாத்தையும் ஒருக்கா கழட்டிப் பாத்துரு. இல்ல, இல்ல, யாரும் இன்ஸ்பெக்சனுக்கு வர்ல. நான் வண்டியில போறேன்."